மலையகப் பாடசாலைகளில் தன்னார்வப் பணி: மாணவர் கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கு விடுமுறைக் காலத்தில் தன்னார்வலர்களாகச் செல்ல விரும்பும் புதுச்சேரி, கடலூர் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்த காலத்திலும் ஓய்வு பெற்ற பின்னும் அட்டன், நுவரெலியா பக்கத்துப் பாடசாலைகளுக்கு மாணவர் குழுக்களை அழைத்துச் சென்றிருக்கிறேன்.

முத்தியால்பேட்டை, இளங்கலை மாணவி: அம்மா, நாங்கள் இரண்டு வாரம் தங்கி வருவதால் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

பயன் உண்டாக்கலாம், ஆனால் அது நீங்கள் புறப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் போன்ற நம் கடற்கரை ஊர்களுக்கு எங்கெங்கிருந்தோ உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். ஊராரிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கியவர்களும் இருந்தார்கள். தாங்கள் கொண்டுவந்ததை இறக்கிவைத்துப் படமெடுத்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். உதவி பெறுகிறவர் இடத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு நம் பகுதிக்கு அப்படிக் கிடைத்தது. அதனால் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்களை வரச்சொல்லிப் பாடசாலையின் அதிபர் (அங்கே தலைமையாசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள்) கேட்டாரா, இன்ன வகுப்புக்கு இன்ன உதவி வேண்டும் என்று எழுதித் தந்தாரா? அப்படி ஒரு கடிதம் இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கடிதம் இருந்தால், அதே பாடசாலைக்கு உங்கள் கல்லூரியிலிருந்து அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் குழு செல்வதற்கு இப்போதே வழி செய்யுங்கள். இரண்டு வாரத்தில் பிள்ளைகள் உங்களிடம் ஒட்டிக்கொள்வார்கள். பிறகு நீங்கள் ஒரு தகவலும் இல்லாமல் மறைந்துபோவது, தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குச் சென்றிருக்கப் பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு இன்னொரு பிரிவாகிவிடும்.

பண்ருட்டி, பொறியியல் மாணவர்: ஒரு முகவர் கம்போடியாவில் அனாதை இல்லத்தில் கற்பிக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். செல்லலாமா?

வேண்டாம். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்ததை யுனிசெஃப் எடுத்துக்காட்டியது. பார்க்க வருவோரும் பணம் கட்டி வரும் தன்னார்வலர்களும் பெருகப் பெருக, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைப்பதும் பெருகுகிறது. பிள்ளைகள் மாலையில் தம் வீட்டுக்குத் திரும்பும் பள்ளியையே தேர்ந்தெடுங்கள். முகவருக்குக் கட்டும் தொகையில் பள்ளிக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

வில்லியனூர், பி.எட். மாணவி: அங்கே நாங்கள் எதைக் கற்பிக்கலாம்? நம்முடைய பாடநூல்களைக் கொண்டு செல்லலாமா?

கொண்டு செல்ல வேண்டாம். இலங்கையில் கல்வி 1945 முதல் இலவசம். 1980 முதல் பாடநூல்களும் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. அந்நாட்டுக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்வழி நூல்களை இணையத்திலேயே இறக்கிப் படிக்கலாம். தரம் 5-இல், அதாவது ஐந்தாம் வகுப்பில், புலமைப்பரிசில் (உதவித்தொகைப்) பரீட்சை, தரம் 11 முடிவில் சாதாரண தரப் பொதுப் பரீட்சை, தரம் 13 முடிவில் உயர்தரப் பொதுப் பரீட்சை என்று அவர்களுடைய படிப்பு பரீட்சைகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது. உங்கள் பாடம் அந்த வரிசையைக் குலைத்துவிட்டால், நீங்கள் போன பிறகு விட்ட இடத்தைப் பிடிக்க ஆசிரியர்தான் அல்லல்படுவார்.

தோட்டப்புறப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் குறைவு என்பது நெடுங்காலக் குறை. அதைப் பயிற்சியில்லாத நாம் இரண்டு வாரத்தில் நிரப்பிவிட முடியாது. ஆசிரியர் வகுப்பிலேயே இருக்க, அவருக்குத் துணையாக நின்று செய்யக்கூடியவை பல உள்ளன: வாசிப்பில் பின்தங்கிய நாலைந்து பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து உரக்க வாசிக்கச் செய்தல், நூலகத்து நூல்களுக்குப் பட்டியல் எழுதுதல், கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு விஞ்ஞானச் செய்முறைகளைச் செய்துகாட்டி அந்தக் குறிப்புகளை ஆசிரியரிடமே விட்டுவருதல், கூச்சம் போக ஆங்கிலத்தில் பேசவைத்தல். கைப்பொம்மை நாடகம் எந்தத் தரத்துக்கும் பொருந்தும். இவற்றையெல்லாம் முதலில் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்; 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த கடலூர் மாணவிகள் மலையகத்தில் முதல் நாளிலிருந்தே தயக்கமின்றிப் பணியாற்றியதை நான் கண்டிருக்கிறேன்.

அவர்களுடைய வரலாற்றையும் படித்துவிட்டுச் செல்லுங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்று காடு திருத்தித் தோட்டங்களை உருவாக்கியவர்களின் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003-இல் இயற்றிய சட்டத்தால்தான் தீர்ந்தது. இது தெரியாமல், நீங்கள் ஏன் இந்தியாவுக்கே வந்துவிடவில்லை என்று ஒரு மாணவர் கேட்டால், எதிரில் இருப்பவரின் மனம் நோகும்.

நெல்லிக்குப்பம், மாணவியின் தந்தை: என் மகளை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. பாதுகாப்பு, அனுமதி, உடல்நலம் ஆகியவற்றில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் தயக்கம் நியாயமானது, ஐயா. குழுவுடன் ஆசிரியை ஒருவர் கட்டாயம் செல்ல வேண்டும். தங்குமிடத்தின் முகவரியும் அங்குள்ள பொறுப்பாளரின் எண்ணும் உங்கள் கையில் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று, சம்பளமில்லாத வேலைதானே என்று வகுப்பெடுக்கலாம் என எண்ண வேண்டாம். செய்யப்போகும் பணியை அப்படியே எழுதி இலங்கைத் தூதரகத்திடம் எந்த விசா பொருந்தும் என்று கேட்டுப் பெறுங்கள். அப்பகுதிப் பாடசாலைகளைக் கவனிக்கும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியைப் பாடசாலை வாயிலாக எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சீட்டு அலுவலகம் தரும் காவல்துறை நற்சான்றையும் ஒவ்வொரு மாணவரும் எடுத்துக்கொள்வது நல்லது. நம் பிள்ளைகளின் பாதுகாப்பை நாம் எண்ணுவதுபோல், அந்தப் பிள்ளைகளிடம் பழக வருபவர் யார் என்று அறிய அங்குள்ள பெற்றோருக்கும் உரிமை உண்டு.

மலேரியா ஒழிந்த நாடு என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. டெங்கு உண்டு, ஆகவே கொசு விரட்டி வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் இரவுக் குளிர், நம் ஊர் வெயிலில் பழகிய உடம்புக்குக் கடுமையாக இருக்கும். கம்பளிச் சட்டை அவசியம்.

அரியாங்குப்பம், மாணவர்: பிள்ளைகளுக்கு இனிப்பும் துணியும் வாங்கிச் செல்லலாமா?

கையில் கொடுக்காதீர்கள். அதிபரிடம் கேட்டு, பாடசாலைக்குத் தேவையானதை அட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள கடையில் வாங்கி, அவரிடம் ஒப்படையுங்கள்.

லாஸ்பேட்டை, மாணவி: நிழற்படம் எடுத்துப் பகிரலாமா?

பிள்ளைகளின் முகம், பெயர், பாடசாலையின் பெயர் மூன்றையும் சேர்த்து எங்கும் பதிவிடக் கூடாது. பெற்றோர் எழுத்தில் இசைவு தந்தாலும், லயன் வீட்டின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வறுமையைக் காட்டும் படத்தை எடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் பட்டியலிட்ட நூலகத்தைப் படமெடுங்கள்.

கடலூர் முதுநகர், மாணவர்: எந்த மாதம் செல்வது பொருத்தம்?

அவர்களுடைய கல்வியாண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும். அண்மை ஆண்டுகளில் அட்டவணை மாறியும் வந்ததால், அந்த ஆண்டின் தவணை (பருவ)த் தேதிகளை அதிபரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தபின், மே மாத நடுப்பகுதிக்குள் பணியை முடிப்பதுபோல் திட்டமிட்டால் நம் கோடை விடுமுறைக்கும் ஒத்துவரும். மே இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அட்டன் பக்கத்து மலைச்சரிவுகளில் அதுதான் பெருமழைக் காலம், மண்சரிவும் ஏற்படும். விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து பதுளை செல்லும் ரயிலில் ஏறினால் அட்டனில் இறங்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவை இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. ஆனால் அது யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய்விடும், மலையகத்துக்கு அங்கிருந்து நெடுந்தூரம் தரைவழியே செல்ல வேண்டும் என்பதால் குழுவாகச் செல்வோருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.