பிரிட்டன் நாடாளுமன்றச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: லண்டன் செய்திகளில் “மூன்று கோட்டு விப்” என்று வருகிறதே, அது நம் ஊர்க் கொறடா உத்தரவுதானே?

பதில்: வேர் ஒன்று, விளைவு வேறு. கொறடா என்றாலே சாட்டைதான். ஆங்கிலச் சொல்லும் நரி வேட்டையில் நாய்கள் கூட்டத்தைவிட்டு விலகாமல் சாட்டையோடு அடக்கி வந்தவரின் பெயரிலிருந்து பிறந்தது. பிரிட்டனில் ‘விப்’ மூன்று பொருளில் வரும்: கட்சிக் கொறடா, அவர் வாரந்தோறும் உறுப்பினர்களுக்கு அனுப்பும் அலுவல் தாள், கட்சியின் நாடாளுமன்றக் குழுவில் ஒருவருக்குள்ள இடம். தாளில் ஒரு வாக்கெடுப்பின் அடியில் ஒற்றைக் கோடு இருந்தால் வந்தால் நல்லது. இரட்டைக் கோடு என்றால் அனுமதி வாங்காமல் விடுபடக் கூடாது. மூன்று கோடு என்றால் வந்தே ஆக வேண்டும், கட்சி சொன்னபடி வாக்களிக்கவும் வேண்டும்.

மூன்றாவது பொருளில்தான் மொழிபெயர்ப்பு சறுக்குகிறது. “விப் பறிக்கப்பட்டது” என்பதைக் கொறடா பதவி போனதாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அந்த உறுப்பினர் கட்சிக் குழுவிலிருந்து விலக்கப்பட்டுச் சுயேச்சையாக உட்காருகிறார். 2019 செப்டம்பரில் 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களுக்கும், 2024 ஜூலையில் தொழிற்கட்சியின் 7 பேருக்கும் இது நடந்தது. ஒருவருக்கும் தொகுதி போகவில்லை. இந்தியாவில் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் கொறடாவை மீறியவரின் பதவியையே பறிக்கும். பிரிட்டனில் அப்படியொரு சட்டமே இல்லை.

கேள்வி: அப்படியானால் கட்சி மாறினாலும் இடைத்தேர்தல் கிடையாதா?

பதில்: கிடையாது. எழுந்து எதிர்வரிசைக்குப் போனால் போதும். சர்ச்சில் 1904இல் லிபரல் கட்சிக்குப் போனது அப்படித்தான். 2014இல் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து யூகிப் கட்சிக்கு மாறிய டக்ளஸ் கார்ஸ்வெல் பதவி விலகி மறுபடி மக்களிடம் வாக்குக் கேட்டது அவராக எடுத்த முடிவு. அதை மதிக்கலாம், விதி என்று எழுதக் கூடாது.

கேள்வி: “சபை பிளவுபட்டது” என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். என்ன கலகம்?

பதில்: கலகம் ஒன்றுமில்லை, வாக்கெடுப்பு நடந்தது என்று பொருள். முதலில் குரல் வாக்கு. சபாநாயகரின் முடிவை மறுத்துக் கூச்சல் எழுந்தால் ‘டிவிஷன்’, அதாவது உறுப்பினர்கள் இரு பக்கமாகப் பிரிந்து வாக்களிப்பது. மணி ஒலிக்கும், 8 நிமிடம் கழிந்ததும் வாக்குக்கூடங்களின் கதவுகள் பூட்டப்படும். அதன்பின் ஓடி வந்தவருக்கு வாக்கு இல்லை. ஆதரிப்பவர்கள் ஒரு கூடம் வழியாகவும் எதிர்ப்பவர்கள் இன்னொன்றின் வழியாகவும் நடக்க வேண்டும். இருக்கையில் அழுத்தப் பொத்தான் கிடையாது. எண்ணுபவர்கள் பக்கத்துக்கு இருவர். மக்களவையில் ‘ஐ’, ‘நோ’ என்பார்கள். பிரபுக்கள் அவையில் ‘கன்டென்ட்’, ‘நாட் கன்டென்ட்’. மக்களவையில் சமமாக வந்தால் சபாநாயகரின் வாக்கு முடிவு செய்யும். 2019 ஏப்ரல் 3 அன்று 310க்கு 310 என்று வந்தபோது, பெரும்பான்மை இல்லாமல் புதிதாக ஒன்றை நிறைவேற்றக் கூடாது என்ற மரபுப்படி அது ‘நோ’ பக்கம் விழுந்தது.

கேள்வி: ‘டேபிள்’ செய்தார்கள் என்றால் ஒத்திவைப்பா?

பதில்: அமெரிக்காவில் ஒத்திவைப்பு. பிரிட்டனில் நேர் எதிர்: முன்வைத்தல். செய்தி எந்த நாட்டுடையது என்று பார்த்துவிட்டு மொழிபெயருங்கள்.

கேள்வி: ரிசெஸ், ப்ரொரோகேஷன், டிசல்யூஷன் மூன்றும் விடுமுறைதானே?

பதில்: ரிசெஸ் மட்டுமே விடுமுறை, மசோதாக்கள் அப்படியே காத்திருக்கும். ப்ரொரோகேஷன் கூட்டத்தொடரை முடித்துவைப்பது. அடுத்த தொடருக்கு எடுத்துச்செல்ல ஒப்புக்கொள்ளப்படாத அரசு மசோதாக்கள் அதோடு காலாவதியாகும். ஆகவே அரசின் கையில் அது ஆயுதமாகவும் ஆகலாம். 2019இல் 5 வாரத்துக்கு முடித்துவைத்தது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் செப்டம்பர் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். மறுநாளே அவை கூடியது. டிசல்யூஷன் கலைப்பு. அன்றோடு எவரும் உறுப்பினர் இல்லை, ஆனால் அமைச்சர்கள் அமைச்சர்களாகவே தொடர்வார்கள். “பதவியிழந்த அமைச்சர்” என்று தேர்தல் காலத்தில் எழுதுவது தவறு.

கேள்வி: பதவி விலகியவர் ‘சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்’ பொறுப்பேற்றார் என்கிறார்களே, புது வேலையா?

பதில்: வேலையே இல்லாத, சம்பளமும் இல்லாத பதவி. மக்களவை உறுப்பினர் ராஜினாமா செய்ய முடியாது என்று 1624இல் ஒரு தீர்மானம் உண்டு. ஆனால் முடியரசின் கீழ் குறிப்பிட்ட பதவிகளை ஏற்றால் உறுப்பினர் தகுதி தானாகப் போகும். அதற்காகவே சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ், நார்த்ஸ்டெட் மேனர் என்ற இரண்டு பெயரளவுப் பதவிகளை மாற்றி மாற்றித் தருகிறார்கள். கேட்டு நிதியமைச்சருக்கு எழுத வேண்டும். 2023 ஜூனில் போரிஸ் ஜான்சன் வெளியேறியதும் இந்த வழியில்தான். தமிழில் “உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார்” என்று எழுதுவதே போதும், சரியும்கூட.