வெள்ளம் தேங்கும் நிலத்தில் கட்டட அனுமதியா? ஆட்சேபம் எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அதற்கப்புறம்தான் சென்னையில் நிலப் பயன்பாடு மாற்ற விளம்பரங்களைத் தேடிப் பிடித்து ஆட்சேபம் எழுத ஆரம்பித்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கே: அண்ணா, விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றப்போவதாகப் பேப்பரில் சின்னதாக ஒரு விளம்பரம். நாங்கள் எழுதலாமா? (முடிச்சூர்)

ப: கட்டாயம் எழுதுங்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 32இன்படி மாஸ்டர் பிளானை (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டம்) மாற்றுகிறார்கள், அதற்கு மக்களிடம் ஆட்சேபம் கேட்கத்தான் அந்த விளம்பரமே. கெடு அதிலேயே இருக்கும். சர்வே எண், கிராமம் இரண்டையும் முதல் வரியில் போட்டு, எழும்பூர் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) உறுப்பினர் செயலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கே: "இங்கே வெள்ளம் வரும்" என்று எழுதினால் போதாதா? (பெரும்பாக்கம்)

ப: போதாது அம்மா. எந்த வருஷம், எத்தனை அடி, எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள். 2015, 2023 போட்டோக்கள் இருந்தால் தேதியோடு இணையுங்கள். 'அ' பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) புல வரைபடத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்துப் பாருங்கள், பக்கத்துச் சர்வே எண் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அந்த ஒரு வரிக்கே பெரிய பலம்.

கே: நீர்வளத்துறை என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இருக்கிறது, மண் கொட்டி உயர்த்தித்தான் கட்டுகிறோம் என்கிறார்களே? (வேளச்சேரி)

ப: எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் தரும் விஷயம் இதுதான். உயர்த்தினால் அந்தக் கட்டடம் தப்பிக்கும், தண்ணீர் எங்கே போகும்? ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்தினால், அங்கே நின்றிருக்க வேண்டிய சுமார் 40 லட்சம் லிட்டருக்கு இடமில்லை, 12,000 லிட்டர் லாரியில் 330 லோடுக்கு மேல், அத்தனையும் பக்கத்துத் தெருவுக்குத்தான் வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து சேர்கிறது, அது வடிவதற்கோ ஒக்கியம் மடுவு என்ற கால்வாய்தான் பெரிய வழி. 2022இல் ராம்சர் தளமாக (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) அறிவித்த பிறகும் சுற்றிலும் மேடாக்கிக்கொண்டே போனால் எப்படி? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என்.ஓ.சி. நகலை வாங்குங்கள். எவ்வளவு உயர்த்தச் சொன்னார்கள், மழைநீர் வடிகாலுக்கு என்ன நிபந்தனை என்று பார்த்து, களத்தில் அது நடக்கவில்லை என்றால் படத்தோடு புகார் கொடுங்கள்.

கே: பெரிய அடுக்குமாடி வருகிறது. கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது வைப்பார்கள், சார்?

ப: வைக்க மாட்டார்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், ஆனால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டுமானத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. அந்த விலக்கு தவறு என்பது என் உறுதியான கருத்து. சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் வரும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அனுமதி வந்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள்.

கே: நானே அங்கே பிளாட் புக் பண்ணியிருக்கிறேனே?

ப: அப்படியானால் என்.ஓ.சி. நகலை பில்டரிடம் முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்தான் தம்பி. அடுத்த தவணை கட்டுவதற்குள் கேளுங்கள்.