இது பாட்டா, வெறும் கத்தலா?

கேள்வி: சமீபத்தில் ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். மேடையில் ஒரே ஒரு பெண். பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. மூச்சு வாங்கினார், முனகினார், திடீரென்று அலறினார். குரல், ஒலி, நிகழ்த்துகலை மூன்றையும் கலந்து செய்பவர் என்று அறிமுகம் வேறு. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே?

பதில்: தாராளமாகச் செய்யலாம். அதே அலறலை நாளைக்கும் அதே இடத்தில், அதே அளவில், தொண்டை கட்டாமல் எடுத்துக் காட்டச் சொன்னால்தான் விஷயம் புரியும். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ, பாடகி கேத்தி பெர்பெரியனுக்காக 1965-இல் எழுதிய 'செக்வென்சா 3' என்ற தனிக்குரல் படைப்பில் பாட்டுக்கு நடுவே சிரிப்பு, இருமல், முணுமுணுப்பு, நாக்குச் சொடுக்கு எல்லாம் வரும். எது எங்கே, எந்த மனநிலையில் வர வேண்டும் என்பது வரை தாளில் குறித்திருக்கிறார். அமெரிக்கப் பாடகி ஜோன் லா பார்பராவின் 1976 இசைத்தட்டில் ஒரு பதிவு இருக்கிறது. ஒரே சுரம்தான். அதைப் பிடித்துக்கொண்டு, ஒலி தலைக்குள் எங்கே அதிர்கிறது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறார், சுரம் நகராமல் அதன் நிறம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. சொல்லும் மெட்டும் இருந்தால் நம் காது அவற்றின் பின்னால் போய்விடும், குரலை யாரும் கவனிப்பதில்லை. இரண்டையும் எடுத்துவிட்டால் கவனிக்க வேறு வழியில்லை.

அதற்காக எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. மைக்கில் எதிரொலியை முழுதாகத் திறந்துவிட்டால் தும்மல்கூட மகத்தானதாகத்தான் கேட்கும். அதை நம்பியே மேடையேறுபவர்களும் உண்டு. நீங்கள் பார்த்தது எந்த ரகம் என்று தெரிய வேண்டுமென்றால், மைக் இல்லாமல் அவர் செய்வதை ஒருமுறை கேளுங்கள்.

கேள்வி: சரி, குரல் மட்டும் போதாதா? உடை, நடனம், திரை, கருவிகள் எல்லாம் எதற்கு?

பதில்: இது புதுப் பழக்கமில்லை. 1916-இல் சூரிச் நகரத்தின் காபரே வால்டேர் என்ற கேளிக்கை விடுதியில் கவிஞர் ஹியூகோ பால் அர்த்தமில்லாத ஒலிகளாலான கவிதைகளை வாசித்தபோது, உடம்பைச் சுற்றி அட்டைக் குழாய்கள். நடக்க முடியாமல் அவரைத் தூக்கிக்கொண்டு வந்துதான் மேடையில் நிறுத்தினார்கள். கேலியாக இருந்தாலும், அந்தக் கோலமும் கவிதையில் சேர்த்திதான். அமெரிக்கக் கலைஞர் மெரிடித் மாங்க் குரல், அசைவு, படம் எதையும் தனித்தனியாகப் பார்க்காதவர். அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969-இல் கூட்டுச் சேர்த்தது ஓர் அறையை! தன் பேச்சைப் பதிவு செய்து, அதை அறைக்குள் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்து, இப்படியே திரும்பத் திரும்பச் செய்தபோது சொற்கள் கரைந்து அறையின் அதிர்வு மட்டும் மிஞ்சியது.

கேள்வி: நானும் முயன்று பார்க்க ஆசை. தொண்டை கெட்டுவிடுமா?

பதில்: அலறலிலிருந்து ஆரம்பித்தால் கெடும். முதலில் மெல்லிய ஹம்மிங், அப்புறம் ஒரே சுரத்தில் உயிரெழுத்துகளை மாற்றிப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுத்தபடி ஒலி எழுப்பினால் தொண்டை சீக்கிரம் வறண்டுவிடும், அதனால் அதைக் கொஞ்ச நேரம் செய்தால் போதும். வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். கரகரப்பு 3 வாரம் தாண்டியும் போகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.