அலை எங்கே திரும்புகிறது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வென்டல்ஸ்டைன் 7-எக்ஸ் அணுக்கரு இணைவுக் கருவியில் பிளாஸ்மாவை (எலக்ட்ரான்கள் பிரிந்த, மின்னேற்றம் பெற்ற வாயுவை) நுண்ணலையால் சூடாக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் சிற்றலை வானொலி கேட்பவன். அயனி மண்டலம் அலையைத் திருப்பி அனுப்புவதால்தான் தூரத்து நிலையங்கள் கேட்கின்றன. அதைவிடப் பன்மடங்கு அடர்ந்த பிளாஸ்மாவுக்குள் அலை எப்படி நுழைகிறது? திருப்பி அனுப்பினால், சக்தியைக் கூட்டித் துளைத்துவிட முடியாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் வானொலி அலையை அங்கே விட்டால் விளிம்போடு திரும்பிவிடும். கணக்கு எளிது. ஒரு கன மீட்டரில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு 9-ஆல் பெருக்குங்கள். அந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலை நுழையாது. பகல்நேர அயனி மண்டலத்தில் சுமார் 10¹² எலக்ட்ரான் என்றால் 9 மெகாஹெர்ட்ஸ். (சாய்வாகப் போகும் அலை இதற்கு மேலும் திரும்பும். 15 மெகாஹெர்ட்ஸ் நிலையம் உங்களுக்குக் கேட்பது அதனால்தான்.) இணைவுப் பிளாஸ்மாவில் 10²⁰. அடர்த்தி பத்துக் கோடி மடங்கு, வர்க்கமூலம் பத்தாயிரம் மடங்கு. ஆக 90 கிகாஹெர்ட்ஸ். கிரைஃப்ஸ்வால்டில் அனுப்புவது 140.

சக்தியைக் கூட்டுவது பலிக்காது. எலக்ட்ரான்கள் ஆடி அலையின் மின்புலத்தை ஈடுகட்டிவிடுவதால்தான் அலை திரும்புகிறது. புலம் இரட்டித்தால் ஆட்டமும் இரட்டிக்கும். திரும்பி வரும் சக்திதான் கூடும்.

140 என்ற எண் காந்தத்திலிருந்து வருகிறது. காந்தப்புலத்தில் எலக்ட்ரான் சுழலும் அதிர்வெண்ணோடோ அதன் மடங்கோடோ அலை ஒத்துப்போனால்தான் உறிஞ்சப்படும். ஒரு டெஸ்லாவுக்கு (காந்தப்புல அலகு) எலக்ட்ரான் 28 கிகாஹெர்ட்ஸில் சுழலும், 2.5 டெஸ்லாவுக்கு 70. அதன் இரண்டாம் மடங்கு 140. 70-ஐயே அனுப்பினால் 0.6 × 10²⁰-இலேயே கதவு சாத்திவிடும்.

இனி முனைவாக்கம், அதாவது அலையின் மின்புலம் ஆடும் திசை. அலையின் மின்புலம் காந்தப்புலத்துக்குக் குறுக்காக இருந்தால் எக்ஸ் முறை, இணையாக இருந்தால் ஓ முறை. எக்ஸ் முறையில் எலக்ட்ரானின் ஆட்டத்தில் காந்தப்புலமும் கை வைப்பதால் கதவு 1.2 × 10²⁰-இலேயே சாத்திவிடும். ஓ முறையில் 2.4 வரை போகலாம். நடைமுறையில் அதுவரை போக மாட்டார்கள். எல்லைக்கு அருகே அலைக்கற்றை வளைந்து நடு அச்சைத் தவறவிடும். பாதி எல்லையிலேயே ஒளிவிலகல் எண் 0.7-க்கு இறங்கிவிடுகிறது.

அப்படியானால் முதலிலிருந்தே ஓ முறையில் சூடாக்கலாமே என்று தோன்றும். ஆறிய பிளாஸ்மா அதை உறிஞ்சாது. எக்ஸ் முறையோ ஓரளவு சூட்டிலேயே ஒரே கடப்பில் கிட்டத்தட்ட முழுதும் உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் வாயுவைப் பிளாஸ்மாவாக்குவது, மையத்தை மூன்று, மூன்றரைக் கோடி டிகிரிக்குக் கொண்டுபோவது எல்லாம் எக்ஸில். அடர்த்தி 1.2-ஐ எட்டுமுன் ஓ-வுக்கு மாற வேண்டும். மாற்றுவது கற்றைப் பாதையில் உள்ள இரண்டு கண்ணாடிகள். சாதாரணக் கண்ணாடியல்ல, நுண்வரிப் பள்ளங்கள் வெட்டிய உலோகத் தகடுகள். அவற்றைச் சுழற்றினால் மின்புலத்தின் திசை திரும்பும். ஓ முறையில் ஒரு கடப்பில் மீந்ததைத் திரும்ப உள்ளே அனுப்ப எதிர்ச்சுவரில் பிரதிபலிப்புத் தகடுகள் உண்டு. இத்தனைக்குப் பிறகுதான் வாயுவையோ உறைந்த ஹைட்ரஜனின் சிறு உருண்டைகளையோ செலுத்தி அடர்த்தியைக் கூட்டலாம்.

சிக்கலும் இங்கேதான். உருண்டை பெரிதாகிவிட்டால், அல்லது சுவரிலிருந்து அசுத்தம் உதிர்ந்து கதிர்வீச்சு கூடினால், மையம் ஆறும். ஆறினால் ஓ முறை உறிஞ்சல் குறையும். உறிஞ்சல் குறைந்தால் மேலும் ஆறும். சில நொடிகூடத் தாங்காது, பிளாஸ்மா சரிந்துவிடும். அடர்த்தியை அவசரமாக ஏற்றுவதுதான் பொதுவாகச் செய்யும் தவறு என்பேன்.

உறிஞ்சப்படாத அலை மறைந்துபோவதில்லை. 2 மில்லிமீட்டர் அலைநீளம் என்பதால் எந்த இடுக்கிலும் நுழையும். அளவிடும் கருவிகளின் சாளரங்கள், ரப்பர் வளையங்கள், கேபிள்கள் எல்லாம் மைக்ரோவேவ் அடுப்பில் வைத்த பண்டமாகச் சூடேறும். நுண்ணலையை உண்டாக்கும் குழாயான ஜைரோட்ரான் ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட் அளவிலானது. பத்து ஓடும்போது பத்து சதவீதம் தவறினாலே ஒரு மெகாவாட் அலைகிறது. ஆகவே கலத்தைச் சுற்றி 'ஸ்னிஃபர்' எனும் உணரிகளை வைத்திருக்கிறார்கள். மோப்பம் பிடிப்பவை என்ற பெயர் பொருத்தம்தான். அவை காட்டும் அளவு வரம்பைத் தாண்டினால் ஜைரோட்ரான்கள் தாமாகவே நிறுத்தப்படும், பிளாஸ்மா எவ்வளவு நன்றாக இருந்தாலும்.