கல்லுக்கு உயிர் உண்டா, கோழி சாட்சி சொல்லுமா?

வாசகர் கேள்வி – பதில்: சிறு சமூகங்களின் மெய்யியல்

கேள்வி: எழுத்தே இல்லாத சிறு சமூகங்களிடம் இருப்பது நம்பிக்கையும் சடங்கும்தானே? அதைத் தத்துவம் என்பது மிகை இல்லையா?

பதில்: வழக்கத்தை அப்படியே அள்ளி எடுத்துத் தத்துவம் என்று பெயர் சூட்டினால் மிகைதான். காங்கோவில் இருந்த பெல்ஜியப் பாதிரியார் பிளாசிட் டெம்பல்ஸ் 1945இல் அதைத்தான் செய்தார். ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகள் பேசும் மக்கள் எல்லோருக்கும் உயிர்விசை என்ற ஒரே கோட்பாடு என்று எழுதினார். பெனின் நாட்டு மெய்யியலாளர் பொலான் ஹூண்டோன்ஜி இந்தப் போக்கைக் கடுமையாகச் சாடினார். ஊரே ஒன்றுபோல நினைக்கிறது என்றால், அங்கே வாதம் செய்கிற ஆள் யார்?

அந்த ஆள் உண்டு என்பதுதான் விடை. வட அமெரிக்க வினபேகோ மக்களிடம் நெடுங்காலம் பணிசெய்த மானிடவியலாளர் பால் ரேடின், எந்தச் சமூகத்திலும் பெரும்பாலோர் செயலில் இறங்குகிறவர்கள், சிலர் மட்டுமே கேள்வி கேட்டுக் குடைகிறவர்கள் என்று 1927இலேயே எழுதினார். அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி. இத்தகைய சமூகங்களுக்கு இருப்பது 'தர்க்கத்துக்கு முந்தைய மனம்' என்ற பேச்சை 1910இல் கிளப்பிய பிரெஞ்சு அறிஞர் லெவி-புரூல்கூடத் தன் கடைசிக் குறிப்பேடுகளில் அதைக் கைவிட்டார். அவர் கைவிட்டது தெரியாமல் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

கேள்வி: கல், மரம், மலை எல்லாவற்றுக்கும் உயிர் உண்டு என்பதுதானே இவர்களின் அடிப்படைக் கொள்கை?

பதில்: 'எல்லாவற்றுக்கும்' என்பதில்தான் சறுக்கல். கனடாவின் பெரன்ஸ் ஆற்றுப் பகுதியில் வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியில், கல் இலக்கணப்படி உயிருள்ளவற்றோடு சேரும். 1930களில் அங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் ஹாலோவெல், "நம்மைச் சுற்றிக் கிடக்கிற கல்லெல்லாம் உயிருள்ளவையா?" என்று ஒரு முதியவரைக் கேட்டார். முதியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "இல்லை. ஆனால் சில உண்டு" என்றார். இலக்கணம் சொன்னதை அவர் ஒப்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சடங்கின்போது ஒரு கல் உருண்டு ஒருவர் பின்னால் போனதாக அங்கே பேச்சு உண்டு. அப்படி ஏதாவது செய்த கல்லுக்குத்தான் அந்தத் தகுதி. சும்மா கிடக்கிற கல் சும்மா கல்.

நீலகிரி நாயக்கர்களிடமும் (காட்டுநாயக்கர்) இதே அளவுகோலைப் பார்க்கலாம். 1970களின் இறுதியில் அங்கே தங்கி ஆய்ந்தவர் மானிடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட். காட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நோக்கி ஒரு கல் 'வந்தது'. அது தேவரு (மனிதரோடு உறவாடும் தெய்வ ஆள்) என்று அதைக் குடியிருப்புக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் கிடந்த மற்றக் கற்கள் தேவரு ஆகவில்லை. அதாவது உயிர்த்தன்மை பொருளுக்குள் ஒளிந்திருக்கிற சரக்கு அல்ல. மனிதரோடு அதற்கு ஏற்பட்ட உறவில் தெரியவருவது. இதை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். ஆனால் குழந்தைத்தனம் என்று ஒதுக்கினால், எதிராளி என்ன சொன்னார் என்றே கேட்காமல் தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

கேள்வி: சூனியத்தை நம்புகிறவர்களிடம் காரணகாரிய அறிவு எப்படி இருக்கும்?

பதில்: மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிட்சர்ட் 1937இல் வெளியிட்ட ஆய்வு இதற்கென்றே வாசிக்கத் தக்கது. தானியக் குதிரின் கால்களைக் கரையான் அரித்து, நிழலுக்காக அதன் அடியில் உட்கார்ந்தவர்கள் மேல் குதிர் சரிந்து விழுகிறது. கரையான்தான் காரணம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் கேட்பது வேறு: ஏன் இவர்கள் மேல், ஏன் இந்த நேரத்தில்? 'தற்செயல்' என்று நாம் கைகழுவுகிற இடத்தில் அவர்கள் சூனியத்தை வைக்கிறார்கள். வேட்டையில் முதல் ஈட்டி எறிந்தவரும் இரண்டாம் ஈட்டி எறிந்தவரும் சேர்ந்தே விலங்கைக் கொன்றதாகக் கணக்கு. ஒருவரை யானை கொன்றால் யானை முதல் ஈட்டி, சூனியம் இரண்டாவது.

சூனியம் வைத்தவர் யார் என்று அந்நாளில் கண்டுபிடித்த முறையையும் பாருங்கள். காட்டுக் கொடியிலிருந்து எடுத்த 'பெங்கே' என்ற நஞ்சை நீரில் குழைத்துக் கோழிக்குஞ்சின் அலகில் பிழிவார்கள். "இன்னார்தான் செய்தார் என்றால் கோழியைக் கொல்" என்று நஞ்சிடம் சொல்வார்கள். கோழி செத்தால் வேலை முடியவில்லை. இன்னொரு கோழியை எடுத்து, கேள்வியைத் திருப்பிப் போடுவார்கள்: "முன்பு சொன்னது உண்மை என்றால் இதை விட்டுவிடு." முதல் கோழி செத்து இரண்டாவது பிழைத்தால்தான் தீர்ப்பு செல்லும். இரண்டும் செத்தால் நஞ்சு கெட்டிருக்கிறது, கொடியைப் பிடுங்கியதில் தவறு, நடத்தியவர் விலக்கு மீறினார் என்று விளக்கங்கள் வரும். எதிர்ச் சோதனை என்ற எண்ணம் கூர்மையானது. தவறினால் பழி அமைப்பின் மேல் விழாமல் அந்த ஒருமுறை மேல் விழுகிறது என்பதுதான் கோளாறு. (தவறிய முன்கணிப்புக்கு விளக்கம் தயாரிக்கும் கலை படித்தவர்களுக்கும் கைவந்ததே.) மந்திரவாதிகளில் பலர் ஏமாற்றுக்காரர்கள் என்று அசாண்டே மக்களே வெளிப்படையாகச் சொல்வார்கள். ஆக, சந்தேகம் இருந்தது. அது நிற்கிற எல்லைதான் வேறு.

கேள்வி: அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடி மக்களுக்குக் காலம் என்ற கருத்தே கிடையாதாமே?

பதில்: 1930களில் மொழியியலாளர் வொர்ஃப் கிளப்பிவிட்டது. 1983இல் எக்கெஹார்ட் மலோட்கி, ஹோப்பி மொழியின் காலச் சொற்களையும் வடிவங்களையும் 600 பக்கங்களுக்கு மேல் தொகுத்து வெளியிட்டார். விட்டுவிடலாம்.

கேள்வி: ஒரு பழங்குடி மூத்தவரின் சிந்தனையைப் பதிவு செய்ய விரும்பும் மாணவி நான். எப்படித் தொடங்குவது?

பதில்: கென்ய மெய்யியலாளர் ஒடேரா ஒருகா 1970களில் வகுத்த வழி இன்றும் உதவும். வழக்கத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்பவர் ஒருவகை. அதை எடைபோட்டு, தேவையானால் மறுப்பவர் இன்னொருவகை. உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

முதல் அமர்வில் "உங்கள் மக்கள் என்ன சொல்வார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்ததில் "நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா, ஏன்?" மூன்றாவதில் இன்னொரு மூத்தவரின் மாற்றுக் கருத்தைப் பெயர் சொல்லாமல் முன்வையுங்கள். "மரணம் என்றால் என்ன?" என்று வெறுமையாகக் கேட்டால் பழமொழிதான் கிடைக்கும். வேட்டை இறைச்சிப் பங்கீடு, நிலத் தகராறு என்று நடந்த வழக்கிலிருந்து தொடங்குங்கள். பாப்புவா நியூ கினியின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் மானிடவியலாளர் எட்வின் ஹட்சின்ஸ் நில வழக்குகளைப் பதிவு செய்தபோதுதான் அவர்களின் வாதம் எவ்வளவு இறுக்கமானது என்பது வெளிப்பட்டது. கூட்டத்தில் கேட்காதீர்கள்; எல்லோர் முன்னும் எவரும் ஊர் வழக்கத்தைத்தான் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் அரைமணிப் பேச்சை இரண்டு வரியாக்கித் தருவார். அதனால் முதலில் மூலமொழியிலேயே சொல்லுக்குச் சொல் எழுத்தாக்குங்கள். உங்கள் கேள்விகளையும் அச்சிடுங்கள், இல்லாவிட்டால் எது உங்கள் தூண்டுதல், எது அவர் சொந்தம் என்று யாருக்கும் தெரியாது.

ஒரே மூத்தவரோடு நிறுத்திவிடாதீர்கள். மாலியின் டோகோன் மக்களிடையே பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோல் 1946இல் ஒகோத்தெம்மெலி என்ற பார்வையிழந்த வேட்டைக்காரரோடு 33 நாள் உரையாடிப் பிரம்மாண்டமான படைப்புக் கதையை வெளியிட்டார். பின்னர் அங்கே போன வால்ட்டர் வான் பேக், பெரும்பாலான டோகோன் மக்களுக்கு அந்தக் கதையே தெரியவில்லை என்று 1991இல் எழுதினார். ஒருவரின் சிந்தனை என்று வெளியிட்டிருந்தால் சிக்கலே இல்லை. இனத்தின் சிந்தனை என்றதால் வந்த வினை.

பெயர் விஷயத்தையும் முதல் நாளே பேசிவிடுங்கள். ஒருகா தன் மூத்தவர்களைப் பெயர் சொல்லியே வெளியிட்டார். வாதம் அவர்களுடையது என்பதால். சில சமூகங்களில் சில அறிவு ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும், தீட்சை பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. பேசும்போது அது வந்துவிட்டால், பதிவில் வைக்கலாமா நீக்கலாமா என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள்.