பிபிசி ஊழியர்கள் தொகுத்த 'கிறிஸ்துமஸ் நாடாக்கள்' என்பவை யாவை?

பிரிட்டனின் பிபிசி நிறுவனத்தில் ஒளிநாடாப் பிரிவில் பணியாற்றிய பொறியாளர்கள், ஆண்டு முழுவதும் தங்கள் கைவழியே சென்ற பதிவுகளிலிருந்து, நடிகர்கள் வசனம் மறந்து சிரித்துவிட்ட இடங்களையும், அறிவிப்பாளர்கள் நாக்குழறிய இடங்களையும் தனியே எடுத்துவைத்து, ஆண்டிறுதியில் தமக்குள் பார்த்து மகிழ்வதற்காகத் தொகுத்தவையே இந்த நாடாக்கள். இவை ஒளிபரப்புக்கானவை அல்ல. ஆயினும் பிரதிகள் கைமாறி வெளியிலும் பரவின. 1978, 1979 ஆம் ஆண்டுகளின் தொகுப்புகள் இன்றும் பெயர்பெற்றவை.

அக்காலத்தில் இரண்டு அங்குல அகலமுள்ள ஒளிநாடா மிகுந்த விலையுடையதாக இருந்ததால், முழு நிகழ்ச்சிகளையே அழித்துவிட்டு அதே நாடாவில் மீண்டும் பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. அத்தகைய சூழலில், வெட்டியெறிய வேண்டிய துண்டுகளை இவர்கள் காப்பாற்றி வைத்தது பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன். படப்பிடிப்புத் தளத்தின் அன்றாட உழைப்பையும் பதற்றத்தையும் முடித்த நிகழ்ச்சிகளைவிட அவையே நேராகக் காட்டுகின்றன.

இத்தகைய தவறுகளைப் பொதுமக்களுக்கான நிகழ்ச்சியாக 1977இல் முதலில் வழங்கியது போட்டி நிறுவனமான ஐடிவி. தொகுத்தளித்தவர் டெனிஸ் நார்டன். பிபிசி, டெரி வோகனைக் கொண்டு 1991இல் தனது தொகுப்பைத் தொடங்கியது.