இஜிஆர் குறியீடு வந்தால் வால்வை மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். இங்கேயே புதிதாக வாங்கிய 2014 டொயோட்டா ப்ரியஸ் இதுவரை 1,20,000 மைல் ஓடியிருக்கிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் ஒரு பணிமனையில் காட்டினேன். பி0403 என்ற குறியீடு பதிவாகியிருப்பதாகக் கூறி, இஜிஆர் வால்வையும் கூலரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். தொகை பெரியதாக இருக்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: இப்போது சம்மதிக்க வேண்டாம். புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் அமைப்பில் பி0401 என்பதும் பி0403 என்பதும் வெவ்வேறு கோளாறுகள். அந்தப் புகையைக் குளிர்விக்கும் கூலரிலோ, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டின் சிறு துளைகளிலோ கரி அடைத்துப் புகையோட்டம் குறைந்தால் வருவது பி0401. வால்வைப் படிப்படியாகத் திறந்து மூடும் ஸ்டெப்பர் மோட்டாரின் மின்சுற்றில் குறை இருப்பதாக எஞ்சின் கணினி உணர்ந்தால் வருவது பி0403. கூலர் அந்த மின்சுற்றில் இல்லை. ஆகவே இந்தக் குறியீட்டை மட்டும் காட்டி அதை மாற்றச் சொல்வதில் நியாயம் இல்லை. காலையில் குளிர்ந்த நிலையில் எஞ்சின் உதறுகிறது என்றால் மட்டும் கரி அடைப்பைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மின்சுற்றுச் சோதனைக்கு ஒரு முறை உண்டு. குறியீடு பதிவான கணத்தின் வெப்பநிலை, வேகம் முதலிய விவரங்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். குறியீட்டை அழித்தால் அவையும் போய்விடும். இந்த மாடலில் வால்வு எஞ்சினுக்குப் பின்பக்கம், வைப்பர் தட்டுக்கு அடியில் ஒதுங்கியிருப்பதால், அதைத் திறந்து பார்க்காமலேயே உதிரிபாகத்தை எழுதிக்கொடுத்துவிடும் ஆசை சிலருக்கு வருகிறது. திறந்தால் கனெக்டரின் ஊசிகளில் பச்சை படிந்திருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். அடுத்து, கனெக்டரைக் கழற்றி மோட்டார் சுருள்களின் மின்தடையை மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் துண்டித்ததாகக் காட்டினாலோ மற்றவற்றிலிருந்து வெகுவாக மாறுபட்டாலோ வால்வுதான் குற்றவாளி. சுருள்கள் எல்லாம் ஒத்திருந்தால், கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா, அங்கிருந்து கணினி வரையிலான வயர்கள் அறுபடாமலும் பாடியில் படாமலும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வேறு முடிவுக்கு வரலாம். ப்ரியஸ் போன்ற ஹைபிரிட் காரில், ஓடத் தயாராக இருக்கும் ரெடி நிலையில் எஞ்சின் தானாகவே கிளம்பக்கூடும். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயர் மின்னழுத்தம் ஓடும். ஆகவே இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை உங்களுக்குச் சாதகமான செய்தி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பிஸெட்இவி என்ற மிகக் குறைந்த புகைக்கான தரச் சான்றுடன் விற்கப்பட்ட அந்த ஆண்டு ப்ரியஸின் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு 15 ஆண்டு அல்லது 1,50,000 மைல், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. வாரண்டி கையேட்டிலும் பானட்டின் அடியில் உள்ள புகைத் தரச் சீட்டிலும் இதை உறுதிசெய்துகொண்டு, காரை டீலரிடம் கொண்டு செல்லுங்கள்.

வெளியில்தான் பழுது பார்ப்பதென்றால், வேலை தொடங்கும் முன் எழுத்து மூலம் மதிப்பீடு பெறுவது அந்த மாநிலச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. கழற்றிய பழைய பாகம் வேண்டும் என்பதையும் ஒப்புதல் தரும்போதே சொல்லிவிடுங்கள். எந்த நிலையிலும், டீலர் பார்க்கும் முன் குறியீட்டை அழிக்க யாரையும் விடாதீர்கள். அழித்த கையோடு ஸ்மாக் எனப்படும் வாகனப் புகைச் சோதனைக்குப் போனால், கணினியின் சுயபரிசோதனைகள் முடிவடையவில்லை என்ற காரணத்தாலேயே கார் தேறாமல் போகலாம்.